அம்மாவின் கைநாட்டு

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தம்பி ஞானவேல் வக்கீல் மேசையில் உயிலை விரித்துவிட்டான். வீடும் முந்திரித்தோப்பும் அவன் பேருக்கு. அடியில் அம்மாவின் கைநாட்டு.

"பாத்துக்குங்கம்மா, அவங்க வெச்சதுதான?" என்று பூதக்கண்ணாடியைக் கோமளாவிடம் நீட்டினார் வக்கீல்.

கோமளா குனிந்தாள். குளத்தில் கல் விழுந்ததுபோல வட்டம் வட்டமாக ரேகை. ஒரு கோடுகூட அழியவில்லை. அம்மா நாற்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டையில் கசியும் எண்ணெய் அவள் விரல் ரேகையை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. ரேஷன் கடை மெஷின் அந்த விரலை ஒருநாளும் ஏற்றதில்லை; மாசாமாசம் கோமளாதான் கூடப் போய்த் தன் விரலை வைப்பாள். ஞானவேல் திருப்பூருக்குப் போன பிறகு வந்த மெஷின் அது.

"ஏன்க்கா இவ்ளோ நேரம்? அம்மா கை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று நிமிர்ந்தாள்.

மேசை விளிம்பில் இருந்த அவன் இடது கட்டைவிரல் மெல்ல உள்ளங்கைக்குள் மடங்கியது. தொட்டிலில் கிடந்தபோதும் இப்படித்தான் மடக்கி வைத்திருப்பான். அழுக்குத் துடைக்க இவள்தான் விரித்துவிடுவாள்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமல், "கைய விரிடா" என்றாள்.