பட்டதாரி வரன்

“இந்த இடம் வேணாம். சரிப்பட்டு வராது.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இளையபெருமாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் சிவரஞ்சனிக்குக் கை அப்படியே நின்றுபோனது.

வரன்களைத் தட்டிக்கழிப்பதில் அவள் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருத்தன் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டினானாம், வேண்டாம். இன்னொருத்தன் எல்லாவற்றுக்கும் சிரித்தானாம், அவனும் வேண்டாம். ஆனால் இந்த அறிவரசன் விஷயம் வேறு. பெண் பார்க்க வந்த அன்று, “பொண்ணு செஞ்ச கேசரி எப்படி?” என்று கேட்டதற்கு, “கொஞ்சம் அடிபிடிச்சிருச்சுங்க” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்போதே அவளுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது.

அப்பாதான், “எதுக்கும் அவங்க ஊர்ல ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு வரேன்” என்று காலையில் பாடாலூரில் பஸ் ஏறினார். பொழுது சாய்ந்துதான் திரும்பியிருக்கிறார்.

“என்னங்க குறை? சிமெண்ட் ஆலையில வேலை, பட்டம் வாங்குன பையன்னு தரகர் சொன்னாரே.” அடுப்படியிலிருந்தே கேட்டாள் அம்மா பரிமளா.

“எங்க வாங்குனான்? அவனே தச்சிருக்கான்.”

“என்னத்தைங்க?”

“பட்டத்தைத்தான். கிழிஞ்ச குடைத்துணியெல்லாம் ஒட்டுப்போட்டு, ஒரு வூட்டுக் கூரை அகலத்துக்கு. டீக்கடையில விசாரிச்சா, ஏரியில போய்ப் பாருங்கங்குறாங்க. போய்ப் பாத்தா, பழைய கதவுப் பலகை மேல நின்னுக்கிட்டு, பட்டத்துக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு, தண்ணி மேல சர்ருன்னு போறான். மேல பாத்தா எருமை பறக்குற மாதிரி இருக்கு.”

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“வெளிநாட்டுல கடற்கரையில இப்படி விளையாடுறத டிவியில பாத்தானாம். நம்ம பக்கம் கடல் ஏது தம்பின்னா, அதான் ஏரி ரொம்பிக் கெடக்கேங்குறான். பொண்ணு குடுக்கப் போறவன் கரையில நிக்குறேன். ஒரு கூச்சம் வேணாமா? ஓடி ஒளிய வேணாமா? ‘மாமா, இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க’ங்குறான்.”

“அய்யய்யோ. நீங்க என்ன சொன்னீங்க?”

“கல்யாணம் பண்ணிக்கப் போறவனுக்கு இதெல்லாம் தேவையான்னு கேட்டேன். ‘லீவு நாள்ல இதான் மாமா பண்ணுவேன். பின்னாடி தெரியறதுக்கு இப்பவே தெரிஞ்சிக்கிட்டா நல்லது’ங்குறான்.”

அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

“இழுப்புன்னா லேசுப்பட்ட இழுப்பா அது? காத்து கெளம்புச்சுன்னா முட்டிய மடக்கிக்கணும். வெறைப்பா நின்னா குப்புறத் தள்ளிரும். காலைக் குனிஞ்சு பாக்கவே கூடாது, அக்கரையில நிக்குற ஒத்தைப் பனைமரத்தையே பாக்கணும். அப்ப ஒரு தூக்கு தூக்கும் பாரு, வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். வயசெல்லாம் எங்கியோ போயிரும்...”

சட்டென்று பேச்சு நின்றது. அடுப்படியில் தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

கூடத்தில் ஒரு கனைப்புச் சத்தம். “மொத்தத்துல, பொறுப்பா குடும்பம் நடத்துற ஆம்பளை செய்யுற காரியமா இது? அதான் வேணாங்குறேன்.”

பரிமளா காபியை ஆற்றிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து சிவரஞ்சனி எட்டிப் பார்த்தாள். இளையபெருமாள் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, மடியில் துண்டை அகலமாக விரித்துப் போட்டிருந்தார். துண்டுக்குக் கீழே பச்சைக் கட்டம் போட்ட துணி தெரிந்தது. தலைமுடி இன்னும் ஈரம் காயவில்லை.

“காலையில வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுல்ல போனீங்க. இது யாரு லுங்கி?”

இளையபெருமாள் காபியை வாங்கி ஊதினார். ஒரு வாய் குடித்தார். மகள் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“மாப்பிள்ளையோடது” என்றார்.