அக்கா திறந்து வைத்த வரைபடம்

கட்டட வரைபட அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரின் இணைப்பு மறுபடியும் அறுந்துபோனது. சர்வரில் லினக்ஸ், மேசைகளில் விண்டோஸ். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றுதான் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் முதலில் நினைத்தான். கேபிளை மாற்றினான், பாஸ்வேர்டை மாற்றினான். கடைசியில் சர்வருக்குள் போய்ப் பார்த்தான். ஒரு வீட்டு வரைபடத்தை ஒரு கணினி திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே தள்ளியிருந்தது. அது அங்கேயே வேலை பார்த்து, போன மழைக்காலத்தில் இறந்துபோன அவனுடைய அக்காவின் கணினி. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவனே அவன்தான்.

அந்தக் கணினியின் இணைப்பைத் துண்டித்தான். எல்லோருக்கும் ஃபோல்டர் வந்தது. மறுநாள் மீண்டும் போனது. அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தான். தம்பியோடு சேர்ந்து இருப்பதற்காக அக்கா பாதி வரைந்து விட்டிருந்த வீடு. அவன் அறைக்குப் புதிதாக ஒரு ஜன்னல் வந்திருந்தது.

"எந்த மெஷின் தொல்லை பண்ணுதோ அத மொத்தமா பிளாக் பண்ணுப்பா. எல்லாரும் கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க," என்றார் மேலாளர்.

"சரி சார்."

செய்துவிட்டான். வீட்டுக்குப் போனபின் மனசு கேட்கவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து தடையை எடுத்தான்.

தடையை எடுத்த பிறகும் ஃபோல்டர் இணைப்பு அறுந்துபோகவே இல்லை. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் தினமும் வந்ததும் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தான். ஒரு கோடுகூடக் கூடியிருக்கவில்லை.