கீரியும் ஓணானும் சண்டை பழகிய கோடை

செம்பன் என்ற கீரிக்கு வயதாகிவிட்டது. வெயில் ஏறினாலே, முள்ளி என்ற ஓணானோடு சண்டை பழகிய கோடைதான் அவனுக்கு நினைவு வரும்.

அப்போது அவன் யோசிக்காமல் பாய்கிறவன். முள்ளியோ வேலிமேல் உட்கார்ந்து, கீரிகளும் பாம்புகளும் போடும் சண்டையைப் பார்த்துப் பார்த்தே கற்றவள். ஒரு நாளும் இறங்கிப் பாய்ந்ததில்லை.

"நல்லபாம்பு தலையைப் பின்னுக்கு இழுத்தால்தான் கொத்தும். அதற்கு முன்னால் பாய்ந்தால் மாட்டிக்கொள்வாய்" என்பாள்.

"வாய் மட்டும் இருந்தால் போதுமா? இறங்கி வா!" என்பான் செம்பன்.

ஒரு நாள் இறங்கியே விட்டாள். காய்ந்த கொடியைப் பாம்பாக வைத்துக்கொண்டு, ஒருவர் வீச மற்றவர் விலகிப் பழகினார்கள். முள்ளி விழுந்துகொண்டே இருந்தாள். செம்பன் அவசரப்பட்டுக்கொண்டே இருந்தான். கோடை முழுக்க இதே கூத்து.

ஆடிக் காற்றடித்த ஒரு மத்தியானம் நிஜப் பாம்பே வந்தது. முள்ளியைப் பாறையோரம் மடக்கிப் படமெடுத்தது. பயத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஓடிவந்த செம்பன் பாயவில்லை. பாம்பின் தலையையே பார்த்தபடி நின்றான்.

"பொறு... பொறு... இப்போ!"

முள்ளி பக்கவாட்டில் துள்ளினாள். பாம்பின் முகம் பாறையில் மோதியது. அந்த நொடியில் செம்பன் அதன் கழுத்தைக் கவ்வினான்.

எல்லாம் முடிந்து இருவரும் மூச்சு வாங்கிக் கிடந்தார்கள்.

"அது எப்போது கொத்தும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?" என்றாள் முள்ளி.

"அதை விடு. உனக்கு எப்போது கால் முளைத்தது?" என்றான் செம்பன்.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முள்ளி இல்லாமல் போன பிறகும் எத்தனையோ சண்டைகளில் அவன் ஜெயித்துவிட்டான். ஜெயித்த பிறகு அப்படிச் சிரிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.