முதுகில் மூன்று தட்டு

ஷ்ரவ்யா லேப்டாப்பைத் திறந்ததும் தனபால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

எங்கே போனாலும் அவர் அப்படித்தான். பஸ்ஸில் கடைசி சீட், ஓட்டலில் சுவரோர மேஜை. முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆர்.எஸ்.புரத்தில் அவருடைய ஜிம்முக்கு விடுமுறை. ஆபீஸ் ரூமில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"அன்னைக்குச் சண்டைய வீடியோ எடுத்தவர் ஊட்டுப் பரண்லயே சி.டி. கெடந்துச்சாமுங்க மாமா. போன வாரம்தான் குடுத்தாரு. அம்மா பாக்கமாட்டேன்னுட்டாங்க. புடிய உடச்சொல்லி நைனா தட்டுனாரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகோணுங்க. அதான் உங்ககூடவே உக்காந்து பாத்துப்போடலாம்னு வந்தேன்."

இரண்டு வயதில் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. இப்போது பத்தொன்பது. கோவிந்தராஜுலுவின் அதே மூக்கு.

பதினேழு வருஷமாக ஊரே கேட்ட கேள்விதான் அது. போலீஸ் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். ராஜுலுவின் பெண்டாட்டி மார்ச்சுவரி வாசலில் இந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள். எல்லோரிடமும் தனபால் ஒரே பதிலைத்தான் சொன்னார். அவன் தட்டவில்லை.

பொய்.

தட்டினான். நடுமுதுகில், மூன்று தட்டு.

படத்தில் அந்தக் கை தெரிந்ததும் இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தனபால் காலையிலேயே முடிவு செய்திருந்தார். மடியில் இரண்டு கைகளையும் இறுகக் கோத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

அன்னூர் கல்யாண மண்டபம். மணமேடைக்கு முன்னால் பாக்ஸிங் ரிங். வீடியோக்காரர் கல்யாணத்துக்கு எடுத்தே பழகியவர், சண்டைக்காரர்களின் பெயர்களையும் விரிகிற தாமரைக்குள்தான் போட்டிருந்தார்.

அன்றைக்கு மொத்தம் ஏழு சண்டை. குஸ்தி, கராத்தே, பாக்ஸிங் எல்லாம் கலந்த சண்டையை அதுவரை டி.வி.யில்தான் பார்த்திருந்தார்கள். யாருக்கும் விதி முழுசாகத் தெரியாது. ரெஃப்ரியாக நின்றவரே ஒரு கராத்தே மாஸ்டர்.

துணி மாற்ற ராஜுலுவுக்கு மணமகள் அறையைக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ராஜுலுவும் சிரித்துக்கொண்டேதான் வந்து கேட்டான்.

"ஏனுங்க தனபால், நான் மூணு தட்டுத் தட்டுனா உட்டுப்போடோணுமுங்க."

"மொதல்ல கையில சிக்குங்க. உடறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

தனபால் குஸ்திக் களத்தில் வளர்ந்தவன். அங்கே தட்டுக்கு வேறு அர்த்தம். பிடி சரியாக விழுந்துவிட்டால் வாத்தியார் திருமலைசாமி குனிந்து முதுகில் மூன்று தட்டுத் தட்டுவார். உடாதே என்று அர்த்தம்.

அன்றைக்குப் பிடி விழுந்தது. முதுகில் தட்டும் விழுந்தது. வாத்தியார்தான் கயிற்றுக்குள் கையை நீட்டுகிறார் என்று நினைத்துத் தனபால் இன்னும் இறுக்கினான்.

ரெஃப்ரி பிரித்துவிட்ட பிறகுதான் பார்த்தான். வாத்தியார் எதிர் மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ராஜுலு ஆஸ்பத்திரியில் உயிரை விட்டான்.

திரையில் ஆறாவது தாமரை விரிந்தது. தனபால், கோவிந்தராஜுலு.

ஷ்ரவ்யா முகத்தை லேப்டாப்புக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

ராஜுலு கீழே, தனபால் மேலே. ராஜுலுவின் ஒரு கை கழுத்தோடு சேர்ந்து பிடிக்குள் சிக்கியிருந்தது. இன்னொரு கை தனபாலின் முழங்காலுக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் பளிச்சென்று தெரிந்தன. கடைசிவரை ஒன்றும் விடுபடவில்லை.

"நைனா தட்டவே இல்லீங்க மாமா." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னது நெசந்தானுங்க. நாங்கதான் இத்தன வருசமா உங்க மேல சந்தேகப்பட்டுட்டோம்."

இரண்டு கையும் சிக்கியிருந்தவன் நடுமுதுகில் எப்படித் தட்டினான்?

"மறுக்கா போடு அம்மணி."

மறுபடி ஓடியது. இந்தத் தடவை அவர் கைகளைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்த்தார்.

ராஜுலுவின் கால்கள் இரண்டு முறை உதறி நின்றன. முழங்காலுக்கு அடியில் மூடியிருந்த விரல்கள் மெல்ல விரிந்து அப்படியே மல்லாந்துவிட்டன.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. ஒன்றுமே நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் திரையில் இருந்த அந்த இளைஞன், யாரோ முதுகில் தட்டியதைப்போலத் தலையைப் பாதி பின்னால் திருப்பினான். பின்னால் வெறும் ரிங். ரெஃப்ரிகூட அந்தப் பக்கம் இல்லை.

அவன் சிரித்தான். பிடியை இன்னும் இறுக்கினான்.

ஷ்ரவ்யா படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

"இங்க யாருங்க உங்களக் கூப்பிட்டாங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, இப்ப எதுக்குங்க செவத்தத் திரும்பிப் பாக்கறீங்க?"

மூன்றாவது தட்டு விழுவதற்குள், மடியில் இறுகக் கோத்திருந்த கைகளைத் தனபால் அவசர அவசரமாகப் பிரித்தார்.