பிரிகிற முடி

"சீப்பக் கீழ வையி ஆத்தா. அது சாமி முடி" என்றாள் அய்யம்மாள் மதினி.

நான் வைக்கவில்லை.

என் மகள் அனுஷ்கா என் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இடுப்பைத் தொடும் முடி. பிடரிக்கு மேலே அது ஒரு கைப்பிடி அளவுக்குத் தேங்காய் நார் போலத் திரண்டு கிடந்தது.

பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் தொடக்கூடாது, தலை வாரக்கூடாது. வேப்பிலை மேலே புரண்டு புரண்டு படுத்திருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று பார்த்தால் இப்படி.

நான் சிக்கு என்றேன். என் வீட்டுக்காரரின் அக்காவான மதினி, சடை விழுந்திருக்கிறது என்றாள். தெருவும் அவள் பக்கம்தான். அம்மை இறங்கிப் போகும்போது ஆத்தா தன் அடையாளத்தைப் பிள்ளை தலையில் விட்டுப் போயிருக்கிறாளாம்.

"ஆத்தா இந்த வீட்டத் தேடித்தான் வருவான்னு எனக்கு அப்பவே தெரியும். பூசாரி சங்கிலியண்ணன் சாயங்காலம் வர்றேன்னு சொல்லியிருக்காக. மஞ்சத்துணியோட வருவாக."

மஞ்சள் துணியைக் கட்டிவிட்டால் முடிந்தது. பிறகு அந்தத் தலையில் சீப்பு படக்கூடாது, கத்தரி படக்கூடாது. ஆயுசுக்கும்.

வெட்டி எறிய எவ்வளவு நேரமாகும்? திராட்சைக் குலை வெட்டுகிற கத்தரி சுவரில்தான் தொங்கியது. ஆனால் வெட்டினால், அது சாமி முடி என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நாளைக்கு இவளுக்குத் தலைவலி வந்தாலும் ஆத்தா கோபம் என்பார்கள்.

பிரித்துக் காட்டினால் பேச்சில்லை. சாமி கொடுத்த சடை பிரியாது. பிரிந்தால் அது வெறும் முடி.

எண்ணெயைச் சொட்டச் சொட்ட ஊற்றினேன்.

திராட்சைப் பந்தலில் கொடியின் பற்றுச்சுருள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டால் நாங்கள் இழுக்க மாட்டோம். இழுத்தால் தளிர் ஒடியும். எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று பார்த்து, திருப்பிச் சுற்றிக் கழற்றுவோம். இதையும் அப்படித்தான் தொட்டேன். கோணி தைக்கிற ஊசியின் மொட்டை முனையை உள்ளே விட்டு, நுனியிலிருந்து ஒவ்வோர் இழையாக.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். இன்னைக்கு ஒரு நாளுதான்."

"அத்தே, அம்மா எப்படியும் விடாது. டிவியவாச்சும் போடுங்க."

மதினி முறைத்துக்கொண்டே போய் டிவியைப் போட்டாள்.

தோட்டத்தில் மருந்தடித்து வெடித்த என் விரல்களில் எண்ணெய் இறங்கி எரிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. முடிச்சுக்குள்ளிருந்து காய்ந்த வேப்பிலைக் காம்பு ஒன்று வந்தது. அதை மதினியிடம் நீட்டினேன்.

"இந்தாங்க மதினி. ஆத்தா விட்டுட்டுப் போனது."

"வாய்க்கொழுப்பு! யாரு பேசுனாலும் நீ பேசலாமாடி இப்படி?"

வெயில் வாசலை விட்டு இறங்கியபோது பாதி பிரிந்திருந்தது. தெருவில் மணிச்சத்தம் கேட்டபோது கொட்டைப்பாக்கு அளவுக்கு மிச்சம் இருந்தது. அந்தக் கொட்டைப்பாக்குதான் கல்லாக இருந்தது.

பூசாரி குனிந்து உள்ளே வந்தார். தோள்பையில் மஞ்சள் துணியின் ஓரம் தெரிந்தது.

"உக்காருங்கண்ணே. மதினி காப்பி போடுவாக" என்றேன். கை நிற்கவில்லை.

அவர் உடனே உட்கார்ந்தார். மதினி அடுப்படியில் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

ஊசி முனை வழுக்கியது. மறுபடி விட்டேன். மறுபடியும் வழுக்கியது. அனுஷ்கா என் கெண்டைக்காலைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தாள். பூசாரி காப்பியை ஆற்றி, ஊதி, குடித்து, தம்ளரைக் கீழே வைத்தார்.

அப்போது உள்ளே ஒரு இழை நகர்ந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன.

சீப்பை உச்சியில் வைத்து இடுப்பு வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். எங்கேயும் நிற்கவில்லை.

"நீங்களே பாருங்கண்ணே."

அவர் விரல்விட்டுப் பார்த்தார். பிடரியில் ஒருமுறை, காதோரம் ஒருமுறை.

"முடிதான்" என்றார். "வெறும் முடி."

மஞ்சள் துணியைப் பைக்குள் நன்றாகத் தள்ளினார். பிள்ளை நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு என் முன்னால் வந்து நின்று, தலைக்கு மேலே கைகூப்பி ஆழமாகக் குனிந்தார்.

எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் தலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

இவளைவிடச் சின்னவளாக இருந்தபோது எனக்கும் அம்மை போட்டு முடி திரண்டது. அன்றைக்கு என்னைக் காலுக்கு நடுவில் உட்காரவைக்க யாரும் துணியவில்லை. எனக்கு மஞ்சள் துணி கட்டியவர் இந்தப் பூசாரியின் அப்பா. சாமிக்கு எதற்குப் படிப்பு என்று பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு என் தலைக்குள் ஒரு விரல்கூடப் போனதில்லை. நனைந்த கயிறு மாதிரி என் சடை முழங்கால் வரை தொங்குகிறது. எதிர்க்காற்றிலும் அசையாது.

அனுஷ்கா எழுந்து, என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினாள். தரையைத் தட்டினாள்.

"இப்ப நீ உக்காரும்மா."

மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

நான் பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.