சேவைக்கு வந்தவர்

“பையைப் பத்திரமா வச்சுக்கிடுங்கக்கா. ஜெயிலுக்குப் போக வேண்டிய திருடன் ஒருத்தனை, கோர்ட்டு இங்கன வேலை செய்ய அனுப்பியிருக்கு” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராண்டாவில் பொன்மணி பையை இறுக்கிக்கொண்டாள். ஸ்கேனுக்காகக் கழற்றிய கம்மல் அதற்குள்தான் இருந்தது.

தாடிக்காரன் ஒருவன் பெருக்கிக்கொண்டே அவள் பக்கம் நகர்ந்தான். பையையே பார்த்தான்.

“பையைத் தூக்குங்கம்மா, பெருக்கணும்.”

“அங்கிட்டுப் போய்ப் பெருக்கும்!”

ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். பையை உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். நல்லவேளை, வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இங்கன வேலை பாக்குதீகளா?”

“இல்லக்கா. சமூக சேவைக்கு வாரேன்.”

தங்கமான பிள்ளை!

“இதைக் கொஞ்சம் வச்சிருங்க. அந்தத் தாடிக்காரன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.”

அவன் தயங்கித்தான் வாங்கினான்.

ஸ்கேன் முடிந்து, புதூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வந்தாள் பொன்மணி. அவன் சட்டையை ஒரு போலீஸ்காரர் பிடித்திருந்தார். பை அவன் நெஞ்சோடு இருந்தது.

“ஏலே, ஜெயிலுக்குப் பதிலா சமூக சேவை செய்யச் சொன்னா, இங்கனயும் களவாங்குதியா? இனி ஜெயிலுதாம்லே!”

பொன்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாடிக்காரன் துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தான். வெள்ளைச் சட்டைக்காரன் அவளைத்தான் பார்த்தான்.

“நாந்தான் சார் குடுத்தேன்” என்றாள்.

பைக்காக நீண்ட தன் கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். பஸ் போனால் போகட்டும்.

“எக்ஸ்ரே இன்னும் பாக்கி இருக்கு. வச்சிருங்க தம்பி, வாரேன்.”