பத்தொன்பதாவது வீடு

“இந்த வீடும் வேண்டாம் அண்ணி” என்றாள் நாத்தனார், போன் திரையில்.

பத்தொன்பதாவது வீடு.

“ஏன், இதுல என்ன குறை?”

“பாத்ரூம் பூரா பச்சைக் கல்லு பதிச்சிருக்கான். பார்த்தாலே குமட்டுது.”

“எந்த நிறமா இருந்தா என்ன? அதுக்குள்ள குளிக்கத்தானே போறோம், குடித்தனமா பண்ணப் போறோம்?”

“கொஞ்சம் பொறுங்க அண்ணி, நல்லதாப் பார்க்கிறேன். அண்ணன் எங்கே?”

“டியூட்டில.”

சொல்லிவிட்டு, போனைத் தன் முகத்துக்கு இன்னும் அருகில் பிடித்துக்கொண்டாள். மூன்றடி தள்ளி, கட்டிலில், தலையணைகளுக்கு நடுவே அவள் கணவர் சாய்ந்திருந்தார்.

பக்கவாதம். எட்டு மாதமாகிறது.

ஊரில் யாருக்கும் தெரியாது. தங்கை தாங்கமாட்டாள் என்று விரலை ஆட்டி மறுத்துவிட்டார். வாரத்துக்கு ஒரு முறை, படம் இல்லாமல், குரலில் மட்டும் அவளிடம் “நல்லா இருக்கேன்” என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகக் காலையிலிருந்து பழகுவார்.

கம்பெனி ஆறு மாதம் பொறுத்தது. பிறகு வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்தது. மாதக் கடைசியில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். விசாவும் அன்றோடு சரி. வேலை முடிந்து ஊர் திரும்புகிறோம் என்று மட்டும் தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

இன்னும் பதினொரு நாள்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் பதினான்கு அட்டைப் பெட்டிகளாகக் கூடத்தில் நின்றது. சேர வேண்டிய விலாசம் என்ற இடம் பதினான்கிலும் காலி. சாமான் அனுப்புகிறவன் மூன்று முறை கேட்டுவிட்டான்.

“பார்த்தீங்களா, உங்க தங்கச்சியை?” என்றாள் போனை வைத்ததும். “முதல் வீட்டுல காத்தே வரலையாம். அடுத்ததுல காத்து கதவை அடிக்குதாம். இன்னொண்ணுல எதிர் வீட்டுக்காரி முறைக்கிறாளாம். சொந்த வீடு வாங்கறவ கூட இவ்வளவு பார்க்கமாட்டா!”

அவர் தலையை மெல்ல அசைத்தார். அப்படிப் பேசாதே என்பது போல.

“நாம அங்க வர்றதே அவளுக்குப் பிடிக்கலைங்க. பக்கத்துல வந்துட்டா தினம் வாசல்ல வந்து நிப்போம்னு பயம். நீங்க படிக்க வெச்சு ஆளாக்கின தங்கச்சி!”

அவர் கண்ணோரம் நனைந்தது. அவள் போய்த் துடைத்துவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுவது வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவது எட்டு மாதப் பழக்கம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள், நாத்தனாருக்குத் தெரியாமல் வீட்டுத் தரகருக்கே போன் போட்டாள்.

“சொல்லுங்கம்மா! இந்த ஊர்ல உங்களுக்கு நான் காட்டாத வீடு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. என் வீடு. என் சம்சாரம் சரின்னா அதையும் காட்டிடறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இனிமே என் நாத்தனாரைக் கூட்டிட்டுப் போகாதீங்க. இன்னைக்கு அவங்க வேண்டாம்னாங்களே, அந்த வீட்டையே முடிச்சுடுங்க. லிப்ட் இருக்குல்ல?”

“பெரிய லிப்டே இருக்கு.”

“அது போதும். எனக்கு முழங்கால் வலி. மத்தபடி எந்த வீடா இருந்தாலும் சரி.”



“முடிச்சுடலாம்மா. ஆனா… ஐயாவை அந்தக் குறுகின பாத்ரூம் வாசல் வழியா எப்படிக் கொண்டு போவீங்க?”

அவள் ஒரு பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இங்கே எல்லா வாசலும் அகலம். வாசல் என்ற ஒன்றை அவள் யோசித்ததே இல்லை.

“உங்களுக்கு… யார் சொன்னது?”

“உங்க நாத்தனார்தான். அவங்களா சொல்லலை, நான்தான் பொறுக்கமாட்டாம கேட்டுட்டேன்.”

“அவளுக்கே தெரியாதே!”

“ஐயா படம் காட்டாம முதல் தடவை போன்ல ‘நல்லா இருக்கேன்’னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சாம். வார்த்தை ஒரு பக்கமா இழுத்ததாம். ‘எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அண்ணன் அந்த ரெண்டு வார்த்தையையும் நிறுத்திடுவார், அண்ணிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. இப்ப நான் உளறிட்டேன்.”

“அப்போ… பத்தொன்பது வீடும்?”

“எல்லாம் ஒரே கதைதாம்மா. ஆஸ்பத்திரி சாமான் கடையிலேர்ந்து ஒரு சக்கர நாற்காலி எடுத்து, வண்டியில போட்டுக் கொண்டு வருவாங்க. வீட்டுக்காரங்க வேடிக்கை பார்ப்பாங்க. இவங்க அதைக் கண்டுக்காம ஏறி உட்கார்ந்து, அறை அறையா உருட்டிக்கிட்டுப் போவாங்க. எங்கேயாவது ஒரு வாசல்ல போய் முட்டிக்கும். நான் தள்ளிவிடறேன்னா கேட்கமாட்டாங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட எழுந்து போக முடியவில்லை.

தரகரின் குரல் இறங்கியது.

“ஐயாவுக்கு எந்தப் பக்கம் கை கால் வரலைன்னு உங்ககிட்ட கேட்க முடியாதில்லையா… அதனால ஒவ்வொரு வீட்டையும் ரெண்டு தடவை சுத்துவாங்கம்மா. வலது கையை மடியில போட்டுக்கிட்டு ஒரு தடவை, இடது கையைப் போட்டுக்கிட்டு ஒரு தடவை.”